தொட்டிக்குள் ஓர் எல்லைத் தகராறு

சர்வேயர் அன்று மாலை ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். செருப்பைக் கழற்றினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். சரி, கைகால் கழுவிவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிவைத்தார். கழுவியாயிற்று. டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தார். டீயும் உள்ளே போயிற்று. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனவர், அங்கே கிடந்த மற்றப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். முடிவு மட்டும் தொண்டையிலேயே நின்றது.

முடிவு வேறொன்றுமில்லை. சகலை இந்த வீட்டில் வந்து தங்கக் கூடாது.

விஷயம் இதுதான். சர்வேயரின் மனைவிக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவின் வீடு பழசாகிவிட்டது, இடித்துக் கட்டப்போகிறார்கள். கட்டி முடிகிற வரைக்கும் அக்காவும் அக்கா புருஷனும் இங்கே தங்கட்டும், மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து சின்ன ரூம் சும்மாதானே கிடக்கிறது என்று மனைவி முந்தின நாள் சொல்லிவிட்டார். யோசனை கேட்கவில்லை, சொல்லிவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர். தெரு முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பரீட்சை நாளைத் தவிர மற்ற நாளில் கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

'கட்டி முடிகிற வரைக்கும்' என்றதுமே சர்வேயர் மனசுக்குள் வருஷங்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். வேறு யாராவது என்றால் ஏமாந்திருப்பார்கள். இவர் வீடு கட்டுகிறவர்களின் நடுவிலேயே பிழைப்பு நடத்துகிறவர். இவர் அளந்து கொடுத்த மனையில் அஸ்திவாரம் தோண்டியவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்காமல் இருக்கிறார்கள்.

சகலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை இஞ்சினும் உறுமுகிற இடத்தில் தன் பேச்சு கேட்க வேண்டுமே என்று வளர்த்த குரல் அவருடையது. ஓய்வு பெற்ற அன்றைக்கு டிப்போ சாவியைத் திருப்பிக் கொடுத்தார், குரலைக் கொடுக்கவில்லை. போன தடவை ஏதோ வேலையாக வந்து நாலைந்து நாள் தங்கினார். வந்ததும் வராததுமாக நேரே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அது சர்வேயரின் நாற்காலி. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய அளவுக்கே பள்ளம் விழுந்த நாற்காலி. அதில் சகலை உட்கார்ந்துகொண்டு, ஃபேனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். பேப்பரை முதலில் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, என்ன செய்தி என்று சர்வேயருக்கு உரக்கச் சொன்னார். போதாக்குறைக்கு, 'இப்பல்லாம் நிலத்தைப் போன்லயே அளந்துடலாமாமே சகலை, உங்களையெல்லாம் எதுக்கு இன்னும் வச்சிருக்காங்க' என்று அக்கறையோடு விசாரித்தார்.

சர்வேயரின் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. ஒரு முழ வரப்புக்காக இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். நடுவில் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இவர் நிற்பார். ஆளாளுக்கு இவரைத் திட்டுவார்கள். ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு மூலை வேண்டாமா? ஜன்னல், நாற்காலி, காற்று, பேப்பர். யாரும் கத்தாத அந்த ஒரு மூலைக்காகத்தான் அவர் பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அதுவும் போய்விட்டால் பிறகு வீடு என்ன, வரப்பு என்ன, எல்லாம் ஒன்றுதான்.

கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒருவழியாக வாயைத் திறந்தார். பக்கத்தில் எங்கேயாவது வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்கலாமே, அவர்களுக்கும் வசதியாக இருக்குமே என்று சுற்றி வளைத்துத்தான் சொன்னார். டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வாய்க்கால் அளக்கப் போயிருந்தேன். அது மேலதிகாரி போட்ட உத்தரவு."

"நான் கண்ணு முழிச்சப்ப பக்கத்துல இருந்தது யாரு?"

சர்வேயர் தட்டைப் பார்த்தார்.

"அக்கா இருந்தா. நான் வீட்டுக்கு வந்து நடமாடற வரைக்கும் இருந்தா. வாடகை வீடு பாத்துக்கோன்னு அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு மனசு வந்தா நீங்க சொல்லுங்க."

அக்காமேல் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல மனுஷி, இருக்கிற இடம் தெரியாது. ஆனால் அக்கா தனியாக வர மாட்டாரே, கூடவே ஒரு டிப்போவும் வருமே. நேராகப் போனால் தோற்போம் என்பது தெளிவாகிவிட்டது. சுற்றிப் போவது என்று தீர்மானித்தார்.

யோசித்தார். சின்ன ரூம் காலியாக இருப்பதுதான் வினை. அதை நிரப்பிவிட்டால்? பீரோவை வைத்தால் டீச்சர் நகர்த்திவிடுவார். கட்டிலைப் போட்டால் அதிலேயே சகலை படுத்துக்கொள்வார். நகர்த்தவே முடியாத ஒன்று வேண்டும். இந்த யோசனையிலேயே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் கண்ணில் மீன் கடை பட்டது. வாசலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, விளிம்பு வரைக்கும் தண்ணீர். சர்வேயர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்.

கடைக்காரருக்கு மீன் டாக்டர் என்று பெயர். எந்த மீனுக்கு என்ன வியாதி என்று போனாலும் கொஞ்சம் உப்புப் போடச் சொல்வாராம். சர்வேயர் அவரிடம், ஒரு தடவை வைத்துவிட்டால் யாராலும் அசைக்க முடியாத தொட்டியாக வேண்டும் என்றார். இப்படி ஒரு கோரிக்கையை அந்தக் கடை அதுவரை கேட்டதில்லை.

"என்ன மீன் விடப்போறீங்க?"

"சும்மாச் சும்மா இடம் மாத்தினா தாங்காத மீனா, கொஞ்சம் முரட்டு மீனா குடுங்க."

மீன் டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போய் ஒரு தொட்டியைக் காட்டினார். நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று மீன்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்கன் சிக்லிட் என்றார். அங்கே பெரிய ஏரி ஒன்று, கரையோரமெல்லாம் பாறை, அந்தப் பாறை இடுக்குகளில் குடியிருக்கிற ஜாதி இது. ஒவ்வொரு ஆணும் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, இது என் இடம் என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் முட்டித் தள்ளும். சர்வேயருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொழில் தெரிந்தவர் கை அல்லவா, கணக்கு சுத்தமாக வந்தது. இரும்பு ஸ்டாண்டும் தொட்டியும் போக மிச்சமிருக்கும் இடத்தில் எந்தத் திசையில் போட்டாலும் இரண்டு பேர் படுக்க முடியாது. ஒரு கட்டில்கூடப் போட முடியாது. இடம் என்று பார்த்தால் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். வேண்டுமென்றே அந்தச் சந்தை விட்டிருந்தார். ஃபில்டரைத் துடைக்க ஆள் நுழைய வேண்டுமே.

டீச்சரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பிரஷர் ஏறியிருக்கிறது, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இறங்கும் என்று டாக்டர் சொன்னார் என்றார். எந்த டாக்டர் என்று டீச்சர் கேட்கவில்லை. மீன் டாக்டர் என்று சர்வேயரும் சொல்லவில்லை. எங்கே வைக்கப்போகிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் டீச்சர். சின்ன ரூமில் என்றார் சர்வேயர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சர்வேயர் ஒன்றைக் கற்றிருக்க வேண்டும். டீச்சர் முடியாது என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சரி என்றால்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் ஜெயித்துவிட்டோம் என்கிற மிதப்பில் மனுஷனுக்கு எது உறைக்கிறது?

தொட்டி வந்தது. நாலு பேர் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்கள். கல் வந்தது. ஒவ்வொரு கல்லையும் சர்வேயரே கையால் அடுக்கினார், பொந்து பொந்தாக, மனைப்பிரிவு போட்ட மாதிரி. தண்ணீர் நிரப்பினார். அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர் பாத்திரத்திலெல்லாம் வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணீர். அதைத்தான் இந்த மீனுக்குப் பிடிக்குமாம். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ தாளைக் கொண்டுவந்து தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரைத் திட்டாமல் குடிக்கிற முதல் ஜீவன் இதுதான் என்றார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மீன்களில் ஒரு நீலம், விட்ட அன்றைக்கே இடது மூலையிலிருந்த பெரிய பொந்தைப் பிடித்துக்கொண்டது. நீலம் என்றால் சாதாரண நீலமில்லை, கண்ணைப் பறிக்கிற நீலம். முதுகுத் துடுப்பை விறைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கும். எவனாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் அம்பு மாதிரி பாய்ந்து துரத்திவிட்டு மறுபடி வந்து நிற்கும். சர்வேயர் அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தார். வேலையிலிருந்து வந்ததும் ஜமீனிடம் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஹாலுக்கு வந்து தன்னுடைய ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். உட்காரும்போது அவருடைய முதுகும் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தது என்பதை டீச்சர் கவனித்தார். கவனித்துவிட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஆரஞ்சு மீன் ஒன்று தீனியைத் தொடவில்லை. கன்னம் இரண்டும் உப்பிப்போய், வாயை இறுக்க மூடிக்கொண்டு, ஓரமாகத் திரிந்தது. சர்வேயர் பதறிப்போய் மீன் டாக்டருக்குப் போன் போட்டார். உப்புப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை. அது பெண் மீன், முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது, குஞ்சு பொரிந்து வெளியே வருகிற வரைக்கும் சாப்பிடாது என்றார்.

"பொம்பள மீன் வாயை மூடிக்கிட்டு அமைதியா திரியுதுன்னா சும்மா இல்ல சார். உள்ள ஒரு குடும்பத்தையே வச்சிருக்குன்னு அர்த்தம்."

சர்வேயர் இதை மிகவும் ரசித்தார். டீச்சரிடம் வந்து சொல்லிச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் அதிகம் பேசவே இல்லை என்பதும் சர்வேயரின் மண்டையில் ஏறவில்லை. கண்ணாடிக்கு உள்ளே நடப்பதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு வெளியே நடப்பது தெரியவில்லை, என்ன செய்வது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தாமாகவே தொட்டி அருகில் வந்து நின்றார். சர்வேயருக்கு ஒரே சந்தோஷம். கதவருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஜமீனின் வீர தீரங்களையெல்லாம் விவரித்தார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். பரீட்சை இல்லாத நாளில் அவர் கேட்ட கேள்வி அது. அப்போதாவது சர்வேயர் உஷாராகியிருக்க வேண்டும்.

"புதுசா ஒரு மீன் விடணும்னா என்ன பண்ணுவீங்க? இவன் விடுவானா?"

"விடவே மாட்டான். கொன்னே போட்டுடுவான்."

"அப்ப விடவே முடியாதா?"

தெரிந்த விஷயத்தைக் கேட்டால் சர்வேயருக்குத் தலை கால் புரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது, மீன் டாக்டர் சொல்லிக் கொடுத்தார் என்று ஆரம்பித்தார். முதலில் விளக்கை அணைத்துவிட வேண்டும். பிறகு உள்ளே இருக்கிற கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கிவிட வேண்டும், ஒரு கல்கூடப் பழைய இடத்தில் இருக்கக் கூடாது. பழைய ராஜாவுக்குத் தன் பொந்து எங்கே போனது என்றே தெரியாது. திருதிருவென்று முழித்துக்கொண்டு சுற்றும். அந்த நேரம் பார்த்து வயிறு முட்டத் தீனி போட வேண்டும். அது தின்கிற மும்முரத்தில் இருக்கும்போது புது மீனை விட்டுவிட வேண்டும். மறுபடி விளக்கைப் போடும்போது புதுசு ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

"பழசு சண்டைக்குப் போகாதா?"

"எதை வச்சுச் சண்டை போடும்? அதுக்குன்னு ஒரு இடம் இருந்தாத்தானே வீரமெல்லாம். இடம் போச்சுன்னா கலரும் போயிடும். வெளுத்துப்போய் ஒரு மூலைல ஒண்டிக்கும்."

"பாவம்" என்றார் டீச்சர். எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் டீச்சர் நல்ல செய்தி சொன்னார். அக்காவிடம் பேசிவிட்டாராம். சின்ன ரூமில் தொட்டி வந்துவிட்டது, அதில் அவர்கள் இரண்டு பேரும் தங்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். சர்வேயர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார். அடடா, தெரிந்திருந்தால் சின்னத் தொட்டியாக வாங்கியிருப்பேனே என்றார். அக்கா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாரே என்று மூன்று தடவை கேட்டார். டீச்சர் மூன்று தடவையும் மாட்டாள் என்றார்.

ஜெயித்த தெம்போடு சர்வேயர் முகாமுக்குக் கிளம்பினார். ஆற்றோரமாக ஒரு பெரிய நிலம், பங்காளிகள் தகராறு, அங்கேயே தங்கி அளக்க வேண்டிய வேலை. வழக்கமாக இப்படிப்பட்ட வேலைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர், இந்தத் தடவை சீட்டியடித்துக்கொண்டு போனார். ஜமீனுக்கு வேளா வேளைக்குப் போடச் சொல்லித் தீனி டப்பாவை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே பங்காளிகள் கத்திய கத்தலில் காது அடைத்துப்போயிற்று. ஆளுக்கு ஒரு கல்லைக் காட்டி இதுதான் எல்லை என்றார்கள். சர்வேயர் அசரவில்லை. வேலை முடியட்டும், வீட்டில் நாற்காலி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அளந்தார்.

வேலை முடிந்து அவர் திரும்பியபோது பொழுது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் விளக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் எரிந்தது, இங்கே மட்டும் இல்லை. உள்ளே காலை வைத்து, வழக்கம்போல் வலது பக்கம் திரும்பிப் பையை மேசைமேல் வைத்தார். மேசை அங்கே இல்லை. பை தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரின் நெற்றியில் பீரோ இடித்தது. பீரோ படுக்கையறையில் இருக்க வேண்டியது.

"வந்துட்டீங்களா?" என்று இருட்டுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "ஃபியூஸ் போயிருக்கு. பாத்து வாங்க. சாமானெல்லாம் கொஞ்சம் மாத்தி வச்சேன், வருஷக் கணக்கா ஒரே மாதிரி இருந்துச்சு."

கொஞ்சமா? சர்வேயர் துண்டைத் தேடினார், கொடி இல்லை. கொடியைத் தேடினார், கொடி கட்டியிருந்த ஆணியே இல்லை. சோபா இருந்த இடத்தில் டிவி, டிவி இருந்த இடத்தில் செருப்பு அலமாரி. ஊரையே அளக்கிற மனுஷன் சொந்த வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். பசி வேறு. எரிச்சல் வேறு. சாமானை மாற்றுவதென்றால் வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று தொடங்கினார். டீச்சர் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இட்டுப் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தட்டைப் போட்டார். அவருக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. போடப் போட வந்துகொண்டே இருந்தது. போதும் என்று கையை மறித்தபோதும் ஒரு கரண்டி விழுந்தது. திட்ட வேண்டும் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் வாயில் ஏதாவது இருந்தது. ஹால் பக்கம் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பூனையாக இருக்கும் என்றார் டீச்சர். அந்த வீட்டில் பூனை கிடையாது.

கை கழுவிவிட்டு நிமிரும்போது விளக்கு வந்தது. சர்வேயர் நிம்மதிப் பெருமூச்சோடு ஹாலுக்கு வந்தார்.

ஜன்னலோரத்தில் அவருடைய நாற்காலி இருந்தது. ஹாலிலேயே இடம் மாறாத சாமான் அது ஒன்றுதான். அதில் சகலை உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி, பேப்பரை விரித்து, நாற்காலியின் பள்ளத்தில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கட்டில் புதிதாக முளைத்திருந்தது. ஃபேன் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"வாங்க சகலை, வாங்க வாங்க" என்று டிப்போ முழங்கியது. "சாப்பிட்டு வரட்டும்னு டீச்சரம்மா சொன்னா. அதான் சத்தம் காட்டாம உக்காந்திருந்தேன்."

சகலை சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்பதே சர்வேயருக்குப் பெரிய இடியாக இருந்தது. படுக்கையறையிலிருந்து அக்கா தயங்கித் தயங்கி வெளியே வந்தார். உங்களுக்குத்தான் தம்பி ரொம்பத் தொந்தரவு, ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாம ஒத்துக்கிட்டீங்களாமே, இவ சொன்னா, இந்தக் காலத்துல யாருக்கு அந்த மனசு வரும் என்று சொல்லும்போதே அக்காவின் கண் நிறைந்துவிட்டது. சர்வேயரின் வாயிலிருந்து, அதனாலென்ன அண்ணி, இது உங்க வீடு என்கிற வார்த்தை தானாக வந்து விழுந்தது. விழுந்த பிறகு அள்ள முடியுமா?

மனைவியைத் தனியே இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குரலை அடக்கி, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு, தங்க முடியாது என்று அக்காவிடம் சொன்னதாகச் சொன்னாயே என்றார்.

"சின்ன ரூம்ல தங்க முடியாதுன்னு சொன்னேன். தங்கலையே. அக்கா என்கூட படுக்கையறையில. அத்தான் ஹால்ல. அவருக்குக் காத்து வேணும்."

"அப்ப நான்?"

"சின்ன ரூம்ல. பாய் விரிச்சிருக்கேன். ரெண்டு பேர் படுக்க முடியாதுன்னு நீங்க அளந்து வச்சது ரொம்பச் சரி. நானும் டேப் வச்சுப் பாத்தேன். ஒரு ஆளுக்குத் தாராளமா பத்துது." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "பிரஷருக்கும் நல்லதுன்னு டாக்டர் சொன்னாரே."

சர்வேயர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு அணைந்தது, கல் மாறியது, வயிறு முட்டத் தீனி, புதுசு வந்து உட்கார்ந்தது. ஒன்றுவிடாமல் எல்லாம் ஞாபகம் வந்தது. சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார் என்பதும் ஞாபகம் வந்தது.

"அப்ப அன்னிக்கு ஞாயித்துக்கிழமை நீ கேட்டதெல்லாம்..."

"பரிசோதனை பண்ணாம நான் எதையும் பண்ண மாட்டேன். முதல்ல தொட்டில பண்ணிப் பாத்தேன். ரிசல்ட் வந்துச்சு. அப்புறம்தான் பீரோவை நகர்த்தினேன்."

சர்வேயர் சின்ன ரூமுக்கு ஓடினார். தொட்டிக்குள் அவர் போட்ட மனைப்பிரிவில் ஒரு கல்கூட இருந்த இடத்தில் இல்லை. இடது மூலையில் இருந்த பெரிய பொந்து வலது பக்கம் போயிருந்தது. அதன் வாசலில் இதுவரை பார்த்திராத ஒரு மஞ்சள் மீன், தடியாக, துடுப்பை விறைத்துக்கொண்டு நின்றது. ஆரஞ்சு மீன் வாயைத் திறந்து குஞ்சுகளை வெளியே விட்டிருந்தது. பொடிப் பொடியாக அவை கல் இடுக்குகளில் நீந்தின. குடும்பம் வெளியே வந்துவிட்டது. ஜமீனைக் காணோம்.

தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சந்துக்குள் நுழைந்து, விரித்திருந்த பாயில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு ஜமீன் நின்றது. நீலமெல்லாம் போய்ச் சாம்பலாகியிருந்தது. துடுப்பு மடங்கியிருந்தது. அது சர்வேயரைப் பார்த்தது. சர்வேயர் அதைப் பார்த்தார். கோபம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவை வெளியே போகச் சொல்லவும் முடியாது என்பது இன்னொரு பக்கம். முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்துகொண்டார்.

சகலைக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளுமா? பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு, இந்த வீட்டில் மீனெல்லாம் வளர்க்கிறார்களாமே என்று வந்து கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்கு இரக்கம் வந்துவிட்டது. சமையலறைக்குக் கேட்க வேண்டுமே என்று, டிப்போவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏம்மா, இந்த மூலைல ஒண்ணு வெளுத்துப்போய் ஒண்டிக்கிட்டு இருக்குதே, அதுக்கு ஏதாவது சாப்பிடக் குடுத்தியா?"

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு இனிமேத்தான் போடணும் அத்தான். வெளிய இருக்கறது சாப்பிட்டாச்சு."